கைப்பிடிச் சுவர் வரும்வரை: கட்டட ஓரத்துத் தடுப்புக் கம்பி ஏன், எப்படி

"இரண்டாம் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது கால் தவறிக் கீழே விழுந்தார்." பாலக்காட்டுச் செய்தியானாலும் கோவைச் செய்தியானாலும் நாளிதழின் உள்பக்கத்தில் இந்த வரி மாறுவதில்லை. ஊரும் வயதும் மட்டும் மாறும். அதை ஒட்டி எழும் கேள்விகளும் பழகிப்போனவைதான்: ஹெல்மெட் போட்டிருந்தாரா, பெல்ட் கொடுத்தார்களா, குடித்திருந்தாரா. அந்த மாடியின் ஓரத்தில் என்ன இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருந்திருக்காது. இல்லாத பொருளைப் பற்றிக் கேட்கத் தோன்றாது போலும்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் கேரள–தமிழக எல்லைக்கு இரு புறமும் வேலை எடுப்பவர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள். காலையில் பொள்ளாச்சிப் பக்கமிருந்து பைக்கில் வந்து மாலையில் திரும்பும் கொத்தனார். அவருக்குச் சித்தாளாக ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்த இளைஞர், கேரள அரசின் காகிதத்தில் 'அதிதி தொழிலாளி'. தமிழ், மலையாளம், இந்தி என்று மூன்று மொழியில் ஏவல் நடக்கிற இடத்தில் "பார்த்து நில்லு" என்ற எச்சரிக்கையை நம்பி வேலை நடத்த முடியாது. எச்சரிக்கை காதில் விழாதவரையும் நிறுத்தி வைக்கிற பொருள் ஒன்று வேண்டும். அதுதான் தற்காலிகத் தடுப்புக் கம்பி. சைட்டில் 'கார்ட் ரெயில்' என்பார்கள், சிலர் வெறுமனே 'கைப்பிடி' என்பார்கள். அது என்ன, எவ்வளவு தாங்க வேண்டும், ஏன் அடிக்கடி காணாமல் போகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

திறந்த ஓரம் என்பது எது

கட்டி முடித்த வீட்டில் விழக்கூடிய இடங்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு மறைப்பு உண்டு. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர், படிக்குக் கிரில், பால்கனிக்குக் கம்பி. கட்டும்போது இவை எதுவும் இருக்காது. கான்கிரீட் போட்ட நாள் தொடங்கி கைப்பிடிச் சுவர் எழும் நாள்வரை அந்த ஓரம் 'திறந்த ஓரம்'. தளத்தின் நான்கு விளிம்புகள், படிக்கட்டின் வெளிப்பக்கம், லிஃப்ட் குழி, குழாய் போகும் டக்ட், வெளிச்சத்துக்காக விட்ட திறப்பு, சன்ஷேடு எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

எத்தனை உயரத்திலிருந்து இது ஆபத்து? அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதி 6 அடியிலிருந்து, அதாவது 1.8 மீட்டரிலிருந்து, விழாமல் தடுக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்குகிறது. ஓர் ஆள் உயரம்தான். நம் நாட்டில் தரைத் திறப்புகள், கைப்பிடிகள், கால்தடுப்புப் பலகைகள் பற்றி ஐ.எஸ். 4912 என்ற தனித் தரநிலையே 1978-இல் திருத்தி வெளியிடப்பட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் 7-ஆம் பகுதி கட்டுமானப் பாதுகாப்புக்கானது. ஆக, எழுதி வைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண வீட்டின் முதல் தளம் தரையிலிருந்து சுமார் 3 மீட்டர். அங்கிருந்து விழுகிறவர் தரையைத் தொட 0.8 விநாடிகூட ஆகாது. மோதும் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1.4 விநாடி, மணிக்கு 50 கிலோமீட்டர். விழத் தொடங்கியபின் எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பது இந்த விநாடிக் கணக்கில் நடக்காத காரியம். தடுக்க வேண்டிய நேரம் விழுவதற்கு முன்புதான்.

தடுப்பின் நான்கு உறுப்புகள்

1. மேல் கம்பி. தளத்திலிருந்து சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் வர வேண்டும். அமெரிக்க விதி 42 அங்குலம் என்கிறது; 3 அங்குலம் கூடக் குறைய இருக்கலாம். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 13374 குறைந்தது 1 மீட்டர் கேட்கிறது. இந்த எண் எங்கிருந்து வருகிறது? நிற்கும் மனிதரின் எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, அவருடைய உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஐந்தரை அடி ஆளுக்கு அது தரையிலிருந்து 90 சென்டிமீட்டரைச் சுற்றி அமையும். கம்பி அதற்கு மேலே இருந்தால் சாய்கிறவரின் உடல் கம்பியில் முட்டி நிற்கும். அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கம்பியே மனிதரைக் கவிழ்த்துவிடும். முழங்கால் உயரத்துக்கு இரண்டு வரிசைக் கல் வைத்துவிட்டு "தடுப்பு இருக்கிறதே" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: அது தடுக்காது, தட்டிவிடும்.

2. நடுக் கம்பி. மேல் கம்பிக்கும் தளத்துக்கும் நடுவில். குந்தி உட்கார்ந்து கம்பி கட்டுகிறவர், வழுக்கிப் படுத்தவாக்கில் சறுக்குகிறவர் ஆகியோருக்கு மேல் கம்பியால் பயனில்லை. அதன் அடியில் நுழைந்து போய்விடுவார். பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டு விதிகள் இந்த இடைவெளி 47 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கின்றன.

3. கால்தடுப்புப் பலகை. தளத்தை ஒட்டி ஓரத்தில் நிற்கும் பலகை. அமெரிக்க அளவு குறைந்தது 9 சென்டிமீட்டர், ஐரோப்பிய அளவு 15. மேலே இருப்பவரின் பாதம் ஓரத்தைத் தாண்டாமல் இது நிறுத்தும். ஆனாலும் இது முக்கியமாகக் கீழே இருப்பவருக்கானது. ஓரத்தில் கிடக்கும் அரைச் செங்கல், கரண்டி, ஜாக்கி பின் எல்லாம் யாராவது காலால் தட்டினால் நேரே கீழே கலவை குழைப்பவரின் தலைக்குத்தான் வரும்.

4. ஊன்றுகால். மேலே சொன்ன மூன்றையும் தாங்கி நிற்பது. எல்லாரும் கம்பியைத்தான் பார்ப்பார்கள். ஆனால் தடுப்பு தோற்கும்போது ஊன்றுகாலின் அடியில்தான் பெரும்பாலும் தோற்கிறது. அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கம்பியின் பலம் அதன் காலடியில்

மேல் கம்பி 890 நியூட்டன் தள்ளுவிசையைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. நம் பேச்சுவழக்கில் சுமார் 90 கிலோ. ஓர் ஆள் தடுமாறி முழு உடலோடு கம்பியில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கான குறைந்தபட்சக் கணக்கு இது. அந்த விசை தளத்திலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. ஊன்றுகால் ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது.

அடித்தட்டு வைத்த ஊன்றுகாலை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டின் வெளி விளிம்பிலிருந்து உள்பக்க போல்ட் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மேலே 110 சென்டிமீட்டர் கை, கீழே 10 சென்டிமீட்டர் கை. பதினொரு மடங்கு. மேலே 90 கிலோ தள்ளினால் கீழே போல்ட்டுகளைப் பிடுங்கும் விசை 990 கிலோ, ஏறக்குறைய ஒரு டன். கான்கிரீட் போட்டு நான்கு நாள் ஆன தளத்தின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்தில் துளை போட்டு இறுக்கிய போல்ட் இந்த ஒரு டன்னைத் தாங்குமா? துளையோடு விளிம்பே பெயர்ந்து வரும். அதனால்தான் போல்ட் போடுவதாக இருந்தால் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போட வேண்டும், கான்கிரீட் இறுகிய பிறகு போட வேண்டும் என்று சொல்கிறார்கள்.

இப்போது நம் சைட்டுகளில் உண்மையில் பார்ப்பதற்கு வருவோம். தூணுக்காக மேலே நீட்டிவிட்ட 12 மில்லிமீட்டர் கம்பிகளில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிவிட்டு, அதில் சிவப்பு வெள்ளை ரிப்பனைத் தொங்கவிடுவது. தூரத்திலிருந்து பார்த்தால் தடுப்பு மாதிரியே இருக்கும். தனியாக நிற்கும் 12 மி.மீ. முறுக்குக் கம்பியை 1.1 மீட்டர் உயரத்தில் தள்ளினால் 8 கிலோவிலேயே அது நெகிழத் தொடங்கும். 13 கிலோவை எட்டும்போது வளைந்து திரும்பாமல் நின்றுவிடும். அரிசிப் பையைத் தூக்குகிற கை விசை போதும். 90 எங்கே, 13 எங்கே.

அதே கணக்கைச் சாரம் கட்டும் ஒன்றரை இஞ்சுப் பைப்புக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை இஞ்சு என்பது பெயருக்குத்தான்; வெளிவிட்டம் 48.3 மி.மீ., சுவர் 3.2 மி.மீ. கனம். ஏறக்குறைய 105 கிலோவரை நெகிழாமல் நிற்கும். அமெரிக்க விதி பைப் தடுப்புக்கு ஒன்றரை அங்குலம் என்றும் ஊன்றுகால்களுக்கு நடுவே 8 அடிக்கு மேல் கூடாது என்றும் சொல்வது ஏதோ வாய்ப்பாடு இல்லை. கணக்கு அங்கேதான் சரியாக வந்து நிற்கிறது. நல்ல விஷயம் என்னவென்றால், இந்தப் பைப் எங்கேயோ தேடி வாங்க வேண்டிய சாமான் அல்ல. சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் தகடும் முட்டும், வாடகைக்கு விடும் கடையில் கட்டுக்கட்டாகக் கிடப்பதுதான்.

கயிற்றுக்கு வேறொரு குறை உண்டு. 2.4 மீட்டர் இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவில் 90 கிலோ சாய்ந்து, கயிறு 10 சென்டிமீட்டர் மட்டுமே வெளியே போக வேண்டுமென்றால், கயிறு இரு முனைகளையும் அரை டன்னுக்கு மேல் இழுக்கும். முடிச்சும் ஊன்றுகாலும் அதைத் தாங்காது, ஆகவே கயிறு தொய்யும். தொய்ந்தால் சாய்ந்தவர் ஓரத்துக்கு வெளியே போன பிறகுதான் கயிறு இறுகும். அந்த நேரத்தில் கயிறு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

சவுக்குக் கம்பு? நல்ல கனமான, வெடிப்பில்லாத கம்பு என்றால் வளைவில் மோசமில்லை. பிரச்சினை கட்டில். கட்டுக்கம்பியால் ஒரே சுற்றாகக் கட்டிய கம்பு நாலு நாள் வெயிலில் சுருங்கியதும் முடிச்சுக்குள் சுழலும். கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரியும். ஆட்டிப் பார்ப்பவர்தான் குறைவு.

எங்கே பிடிக்க வைப்பது

இரண்டு மாடி வீட்டுக்குப் பொருந்தும் வழிகள் இவை. ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல.

அ. தூணோடு பிடிப்பது. அடுத்த தளத்துக்குத் தூண் போட்டாகிவிட்டால், தூணுக்குத் தூண் நீளப் பைப்பை வைத்துச் சதுர கிளாம்ப் போட்டு இறுக்கலாம். ஊன்றுகாலே வேண்டாம். மலிவும் அதுதான், உறுதியும் அதுதான். 12 அடி இடைவெளிவரை மேலே சொன்ன பைப் வளைவில் சமாளிக்கும்.

ஆ. தளத்தைக் கவ்வும் கிளாம்ப். பெரிய சி வடிவ இரும்பு, தளத்தின் மேலும் கீழும் பிடித்துத் திருகினால் அதில் ஊன்றுகால் நிற்கும். துளை போட வேண்டாம். ஆனால் ஓரத்தில் கீழே இறங்கும் பீம் இருந்தால் கவ்வ இடமிருக்காது. நம் வீடுகளில் பெரும்பாலும் ஓரத்தில் பீம்தான் இருக்கும்.

இ. பீமில் முன்கூட்டியே பைப் துண்டு பதிப்பது. கான்கிரீட் போடும்போதே ஓரப் பீமில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓர் உறை பதித்துவிட்டால் கான்கிரீட் இறுகியதும் ஊன்றுகாலைச் செருகலாம். ஐந்து அங்குலத் தளத்தில் மட்டும் பதித்தால் ஆழம் போதாது, நெம்பியதும் பெயரும்.

ஈ. வெளிச் சாரத்தையே மேலே உயர்த்துவது. சாரம் தளத்துக்கு மேல் 1.1 மீட்டர் எழும்பி, அதில் மேல் கம்பியும் நடுக் கம்பியும் தளத்தைச் சுற்றி ஓடினால் அதுவே தடுப்பு. சாரத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஆள் நுழையும் சந்து விடக்கூடாது, சாரம் சுவரோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

என் கணிப்பில் வீட்டு வேலைக்கு நான்காவது வழிதான் ஏற்றது. காரணம் மொட்டை மாடி. அங்கே மேலே தூண் கிடையாது, முதல் வழி போயிற்று. கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டிய அதே ஓரத்தில்தான் ஊன்றுகாலும் நிற்கும், ஆகவே கொத்தனார் வந்ததும் முதல் வேலையாக அதைப் பிடுங்கிப் போடுவார். பிறகு திறந்த ஓரத்தை ஒட்டி உட்கார்ந்து, வெளிப்பக்கம் எட்டி எட்டித் தூக்குக்குண்டு பார்த்துச் சுவர் கட்டுவார். விழாமல் காக்க வேண்டிய சுவரைக் கட்டும்போதே விழக்கூடிய நிலை. சாரம் வெளியே நின்றால் இந்த முரண்பாடு இல்லை. சுவருக்கு வெளிப்பூச்சு பூசவும் அந்தச் சாரம் எப்படியும் வேண்டும். கொஞ்சம் முன்னதாகக் கட்டச் சொல்கிறோம், அவ்வளவே.

கான்கிரீட் நாளில் நடப்பது

கேரளப் பக்கம் 'வார்ப்பு' என்பார்கள். அன்று மிக்சர் நிற்காது, ஆட்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, மதியச் சாப்பாடு வீட்டுக்காரர் செலவு. மேலே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கொட்டிய கலவையை மட்டப்பலகையால் இழுக்கிறவர் கலவையைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நகர்கிறார். முதுகுப் பக்கம் ஓரம். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடிப்பவரின் கண் அதன் ஊசியில், காதில் இரைச்சல். சட்டி கைமாற்றுகிறவர் ரப்பர் செருப்போடு, மடித்துக் கட்டிய லுங்கியோடு, சென்ட்ரிங் தகட்டில் வழிந்த சிமெண்ட் பாலின் மேல் நிற்கிறார். ஒருவராவது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியுமா? முடியாது. பார்க்காமல் செய்வதுதான் அந்த வேலையின் இயல்பு. 'கவனக்குறைவு' என்ற சொல் இங்கே எதையும் விளக்கவில்லை.

தளம் இன்னும் பிறக்கவே இல்லாத இந்த நாளில் தடுப்பை எதில் கட்டுவது என்பதுதான் சிக்கல். சென்ட்ரிங் தகட்டில் ஊன்றினால் தகடே நகரும். கீழிருந்து தனியாக எழுப்பிய சாரம்தான் இங்கேயும் விடை. அல்லது சென்ட்ரிங் மேடையையே தளத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டரை அடி வெளியே நீட்டி, அந்த நீட்டலின் ஓரத்தில் தடுப்பு வைப்பது.

அடுத்த ஆபத்து கான்கிரீட் நாளைவிடச் சத்தமில்லாதது. கான்கிரீட் இறுகுவதற்காகத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய நாட்கள். ஒரே ஓர் ஆள் காலையும் மாலையும் ஹோஸ் பிடிக்க ஏறுவார். பாசி படிந்திருக்கும். ஹோஸை இழுத்துக்கொண்டு, அது எங்கே சிக்குகிறது என்று திரும்பிப் பார்த்தபடி நடப்பார். விழுந்தாலும் உடனே தெரிய ஆள் இருக்காது. சென்ட்ரிங் பிரிக்கும் நாளும் இப்படித்தான்: ஓரத்துத் தகடு இறுகிப் பிடித்திருக்கும், கடப்பாரையால் நெம்பி முழு விசையோடு இழுக்க, அது சட்டென்று விடும். இழுத்த விசை ஆளைப் பின்னால் தள்ளும்.

அப்புறம், 'ஒரு நிமிஷம்' என்ற வியாதி. செங்கல் ஏற்ற வேண்டும், கதவு நிலை ஏற்ற வேண்டும் என்று நடுவில் ஒரு கம்பியைக் கழற்றுவார்கள். சாமான் ஏறியதும் கம்பி திரும்ப ஏறாது. இதற்குத் திட்டினால் பயனில்லை. சாமான் ஏற்ற ஓரிடத்தை முன்பே ஒதுக்கி, அங்கே மட்டும் திறந்து மூடுகிற கம்பி வைத்து, மற்ற இடங்களில் ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியாதபடி இறுக்கிவிட வேண்டும். ஏற்றுமிடத்தில் நிற்பவருக்கு, திறந்திருக்கும் அந்த நேரத்துக்கு மட்டும், பெல்ட்.

பெல்ட் இருக்கும்போது கம்பி எதற்கு

அடிக்கடி கேட்கும் கேள்வி. இரண்டுக்கும் வேலை வேறு. தடுப்புக் கம்பி விழாமல் நிறுத்துவது; பெல்ட் விழுந்தவரைப் பாதியில் பிடிப்பது. கம்பியை ஒருமுறை வைத்தால் மேலே ஏறும் எல்லாருக்கும், பார்க்க வந்த வீட்டுக்காரருக்கும் அவர் கூட்டிவந்த பிள்ளைக்கும் சேர்த்து, அது காவல். பெல்ட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் சரியாக மாட்ட வேண்டும், மாட்டுவதற்கு உறுதியான பிடிமானமும் வேண்டும்.

அதைவிட முக்கியம், பெல்ட்டுக்குக் கீழே இடம் வேண்டும். 1.8 மீட்டர் கயிறு; அதிர்ச்சியைத் தாங்கும் மடிப்பு பிரிந்து நீள்வது 1 மீட்டர்போல; முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை 1.5 மீட்டர். காலடி மட்டத்தில் கொக்கியை மாட்டியவர் விழுந்தால் அவருடைய பாதம் தளத்துக்குக் கீழே 4.3 மீட்டர்வரை போகும். முதல் தளமோ தரையிலிருந்து 3 மீட்டர். கயிறு முழுதாகப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். ஒற்றை மாடி உயரத்தில் காலடியில் மாட்டிய பெல்ட் மன ஆறுதல் மட்டுமே. இதைப் பெல்ட் விற்பவர் சொல்வதில்லை. பிடித்து நிறுத்திய பிறகும் தொங்குகிறவரை மேலே இழுக்க வேண்டும், அதற்கு யார், எப்படி என்பது தனிக் கதை.

ஆடிக் காற்றும் பிளக்ஸ் பேனரும்

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத் திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து கிழக்கே போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. ஆனியிலும் ஆடியிலும் மொட்டை மாடியில் நின்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெறும் பைப் தடுப்பைக் காற்று பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அதில் நாம் எதையாவது கட்டும்போதுதான் சிக்கல். தூசிக்காகப் பச்சை வலை, நிழலுக்காகத் தார்ப்பாய், ஒப்பந்தக்காரரின் பெயரும் போன் நம்பரும் போட்ட பிளக்ஸ் பேனர். மணிக்கு 80 கிலோமீட்டர் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 300 நியூட்டன் அழுத்தும். 2.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் உயரப் பேனருக்கு அது 80 கிலோவுக்குச் சமம். பாதி உயரத்தில் தள்ளுவதாகக் கொண்டாலும் ஊன்றுகாலின் கொள்திறனில் பாதிக்கு அருகில் பேனரே தின்றுவிடுகிறது. மிச்சத்தில்தான் மனிதர் சாய வேண்டும். காற்று ஓயாமல் ஆட்டுவதில் கிளாம்ப் தளர்வது இதற்கு மேல். பேனரைக் கீழே காம்பவுண்டில் கட்டிக்கொள்ளட்டும்.

தரையில் இருக்கும் ஓட்டைகள்

டக்ட், லிஃப்ட் குழி போன்றவற்றுக்கு இரண்டு வழி: சுற்றிலும் தடுப்பு, அல்லது மேலே மூடி. மூடி என்றால் நடப்பவரும் சாமானும் சேர்ந்த எடையைப்போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும், நகராமல் பிணைத்திருக்க வேண்டும், மேலே பெயின்ட்டால் எழுதியிருக்க வேண்டும். பழைய பிளைவுட்டைச் சும்மா போட்டு மூடுவது திறந்து விடுவதைவிட மோசம். யாருக்கோ ஒரு பலகை தேவைப்படும். குனிந்து இரண்டு கையாலும் தூக்குவார். பலகை முகத்துக்கு முன்னால் நிற்கும், அடியில் என்ன இருந்தது என்று தெரியாது, ஓர் அடி முன்னால் வைப்பார். அங்கே தரை இருக்காது. 'கிணறு' என்று தமிழிலும், ஒரு கிணற்றுப் படமும் போட்டு வைத்தால் எல்லா மொழிக்காரருக்கும் புரியும்.

சட்டம் எதைத் தொடுகிறது, எதைத் தொடாது

கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-இல் வந்த மத்தியச் சட்டமும், அதன் கீழ் 1998-இல் வந்த மத்திய விதிகளும், தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டு விதிகளும் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கின. விழக்கூடிய பக்கத்தில் போதிய உறுதியுள்ள கைப்பிடியும் கால்தடுப்பும் வேண்டும் என்பது சாரத்துக்கான விதிகளில் உண்டு. அந்தச் சட்டம் 2020-இல் இயற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் இணைக்கப்பட்டது; தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டு எல்லைகளைக் கவனிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக ஆட்கள் வேலை செய்யும் கட்டுமானம் சட்டத்துக்கு வெளியே. சொந்தக் குடியிருப்பு என்றால் பழைய சட்டத்தில் மொத்தக் கட்டுமானச் செலவு 10 லட்சம் ரூபாய்வரை விலக்கு. புதிய தொகுப்பில் அது 50 லட்சம். இந்தப் பகுதியில் எழும் இரண்டு மாடி வீடுகளில் கணிசமானவை அந்த 50 லட்சத்துக்குள் அடங்கிவிடும். அதாவது ஆய்வாளர் வரப்போவதில்லை. விலக்கு என்பது ஆய்விலிருந்துதான், பொறுப்பிலிருந்து அல்ல: அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு, அதற்கு வீட்டு மதிப்பு பார்ப்பதில்லை.

பெரிய கட்டுமானங்களுக்குத் தண்டனை கூடியிருக்கிறது. பழைய சட்டத்தில் பாதுகாப்பு விதியை மீறினால் மூன்று மாதம் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு லோடு மணல்கூட அந்தப் பணத்துக்கு வராது. புதிய தொகுப்பில் மீறலால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு சாமான்

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்ற பதிலுக்காக ஒரு பட்டியல். 30 அடிக்கு 40 அடி தளம் என்று வைப்போம், மெட்ரிக்கில் சுமார் 9க்கு 12. சுற்றளவு 42 மீட்டர். ஊன்றுகால் 2.4 மீட்டருக்கு ஒன்றாக 18. மேல் கம்பி, நடுக் கம்பி சேர்த்து 84 மீட்டர், அதாவது 6 மீட்டர் பைப் 14. ஊன்றுகால்களுக்கு வெட்ட இன்னும் 4. மொத்தம் 18 பைப், 36 கிளாம்ப், ஒட்டிப் பிடிக்க இணைப்புகள் சில, 42 மீட்டர் நீளத்துக்குப் பழைய சென்ட்ரிங் பலகை. எடையில் ஒரு குட்டியானை வண்டிச் சுமைக்குள் அடங்கும். சாரத்தை உயர்த்தும் வழியில் ஊன்றுகாலும் மிச்சம்.

வாடகையை யார் கொடுப்பது என்பதில்தான் வேலை நிற்கிறது. சதுர அடிக் கணக்கில் கூலி பேசும்போது சென்ட்ரிங் சாமான் மேஸ்திரி கணக்கு, சிமெண்ட்டும் கம்பியும் வீட்டுக்காரர் கணக்கு என்று பிரிந்திருக்கும். ஓரத்துத் தடுப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படாது. ஆகவே அது யாருடையதும் இல்லை. பேச்சு முடிந்து முன்பணம் கைமாறும் அன்றே "ஓரச் சாரம், தளத்துக்கு மேல் மூன்றே முக்கால் அடி, கைப்பிடிச் சுவர் முடியும்வரை" என்று ஒரு வரி எழுதி, அது யார் செலவு என்றும் எழுதிவிட வேண்டும்.

'முடியும்வரை' என்பதற்கும் அளவு உண்டு. நேற்றுக் கட்டிய நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் ஆள் சாய்ந்தால் சுவரும் சேர்ந்து கீழே போகும். ஒரு பக்கத்துச் சுவர் முழு உயரம் எழும்பி, ஏழு நாள் தண்ணீர் குடித்த பிறகு அந்தப் பக்கத்துக் கம்பியை மட்டும் கழற்றலாம். மற்ற மூன்று பக்கமும் அப்படியே நிற்கட்டும்.